முளையிலே தெரிவதில்லை

தொடர்கொலை செய்தவன் பிடிபட்டான் என்று செய்தி வந்தால், மறுநாளே அவன் பிறந்த ஊரில் கேமரா இறங்கிவிடுகிறது. ஒன்றாம் வகுப்பு எடுத்த வாத்தியாரைத் தேடிப் பிடிக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மைக்கை நீட்டுகிறார்கள். "யார்ட்டயும் ஒட்டமாட்டான்", "அப்பன் குடிகாரன்", "அம்மை கண்டிச்சு வளக்கல" என்று நாலு வாக்கியம் கிடைத்தால் போதும், காரணம் கண்டுபிடித்தாயிற்று. அதை வைத்து அரைமணி நேர யூடியூப் நிகழ்ச்சி, வாரப் பத்திரிகையில் மூன்று பக்கம், பிறகு ஒரு சினிமா. தென்காசி டீக்கடைகளிலும், சாரல் மாதங்களில் ஐந்தருவியில் குளிக்க நிற்கும் வரிசையிலும் இதே பேச்சுதான் காதில் விழுகிறது: "வளர்ப்பு சரியில்லவே. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாவ?"

படிக்காதவர் பழமொழியைச் சொல்கிறார். படித்தவர் அதையே உளவியல் என்கிறார். கொலையாளி எப்படி உருவானான் என்ற கேள்விக்கு விடை அவனுடைய பால்யத்தில்தான் இருக்கிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கு இருக்கிறது. இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் மிகக் குறைவு. அதைவிட மோசம், கொலை நடக்க வழிவிட்டவர்களை அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

முதலில் எங்கள் ஊர்ப் பால்யத்தைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆலங்குளம், கடையம், பொட்டல்புதூர் பக்கத்துப் பீடி சுற்றும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள்தான் என் வகுப்புகளில் அதிகம். காலையில் அம்மா மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். நனைத்த இலையை அளவு பார்த்து வெட்ட வேண்டும், தூள் வைத்துச் சுருட்ட வேண்டும், நூல் கட்ட வேண்டும், முனை மடக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக் கணக்கில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை புத்தகப் பையை மூலையில் போட்டுவிட்டு முனை மடக்க உட்காரும். அப்பா கொல்லத்திலோ புனலூரிலோ கூலி வேலையில் இருப்பார். கடையநல்லூர்ப் பக்கமென்றால் வளைகுடாவில் இருப்பார், பிள்ளைக்கு அவர் போனில் கேட்கும் குரல்தான். ஊரிலேயே இருக்கிற அப்பாக்களில் குடித்துவிட்டு வந்து அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். பிள்ளையை வளர்ப்பது ஆச்சி.

இப்போது அந்த நிகழ்ச்சிகளில் அடுக்கும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தகப்பன் இல்லாத வீடு, அடிக்கிற தகப்பன், கவனிக்க நேரமில்லாத தாய், வறுமை, வகுப்பில் கேலி, யாரோடும் பேசாத குணம். என் வருகைப் பதிவேட்டில் இந்தப் பட்டியலுக்குள் வராத பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் இன்று திருப்பூரில் தைக்கிறார்கள், கோயம்புத்தூரில் லேத் ஓட்டுகிறார்கள், குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறார்கள். ஒருத்தி நர்ஸாக இருக்கிறாள். எட்டாம் வகுப்பில் ஒரு வருஷம் முழுக்க வாயே திறக்காத பையன் இன்று லாரி ஓட்டி மூன்று தங்கைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டான். கொலையாளியிடமிருந்து பின்பக்கமாக நடந்து போனால் ஒரு கஷ்டப்பட்ட வீட்டுக்குப் போய்ச் சேரலாம். அந்த வீட்டிலிருந்து முன்பக்கமாக நடந்தால் எங்கே போய்ச் சேருவோம் என்று யாரும் நடந்து பார்ப்பதில்லை.

உளவியல் பேசுகிறவர்கள் இதற்கு உடனே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "பொதுவான கஷ்டத்தைச் சொல்லவில்லை, குறிப்பிட்ட அடையாளங்கள் இருக்கின்றன" என்பார்கள். வளர்ந்த பிறகும் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தீ வைப்பது, பிராணிகளை வதைப்பது. இந்த மூன்றும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்திருந்தால் அது நாளைக்குக் கொலை செய்யும் என்று எத்தனையோ நிகழ்ச்சிகளில் அடித்துச் சொல்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது? 1963-இல் மக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து. அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு மனநல மருத்துவமனைக்கு வந்த 100 நோயாளிகளை வைத்து அவர் எழுதியது அது. அந்த நூறு பேரும் கொலை செய்தவர்கள் இல்லை. கொலை செய்துவிடுவேன் என்று மிரட்டியவர்கள். பின்னால் அவரே இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, தான் சொன்னதில் ஐயம் தெரிவித்தார். கட்டுரையை எழுதியவர் தயங்கிய பிறகும், அதை எடுத்து ஓதுகிறவர்கள் இன்றுவரை தயங்கவில்லை.

பிராணி வதை என்று சொன்னேன். எங்கள் ஊரில் ஓணான் பிடிக்காத பையன் உண்டா? தென்னங்கீற்று ஈர்க்கில் சுருக்குப் போட்டு, வேலியில் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானைப் பிடித்து, அம்மாவின் தட்டிலிருந்து களவாண்ட பீடித்தூளை அதன் வாயில் திணித்து, அது கிறங்கி ஆடுவதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். கொடுமைதான். கண்ணில் பட்டபோதெல்லாம் காதைத் திருகியிருக்கிறேன். ஆனால் அந்தக் கும்பலில் நின்று கைதட்டிய ஒவ்வொருவனையும் வருங்காலக் கொலையாளி என்று குறித்து வைத்திருந்தால், ஒரு தலைமுறை ஆண்பிள்ளைகளையே குறித்து வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் எஃப்பிஐ அதிகாரிகள் சிறைக்குள் போய்க் கொலையாளிகளை நேரில் பேட்டி கண்டதைப் பெரிய சான்றாகக் காட்டுவார்கள். ரெஸ்லர், பர்ஜெஸ், டக்ளஸ் மூவரும் 1988-இல் வெளியிட்ட அந்தப் புத்தகம் 36 பேரின் வாக்குமூலத்தின் மேல் நிற்கிறது. அந்த 36 பேரில் பெரும்பாலோர் மோசமான வீட்டில் வளர்ந்ததாகச் சொன்னார்கள். அதே மாதிரி வீட்டில் வளர்ந்து கொலை செய்யாதவர்களை அந்த ஆய்வு பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கு இல்லாமல் காரணம் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் கேத்தி விடொம் என்ற அமெரிக்க ஆய்வாளர். சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்கள், கவனிப்பாரற்று விடப்பட்டவர்கள் என்று நீதிமன்றப் பதிவுகளில் இருந்த 908 பேரை எடுத்துக்கொண்டார். அதே வயது, அதே சூழல், ஆனால் அப்படிப்பட்ட பதிவு இல்லாத 667 பேரை எதிர்ப்பக்கம் வைத்தார். பின்னாட்களில் யார் யார் கைதானார்கள் என்று பார்த்து 1989-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார். வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 11 பேர், இரண்டாவது கூட்டத்தில் 8 பேர். வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அடிபட்டு வளர்ந்த நூறு பேரில் 89 பேர் வன்முறைக்காக ஒருமுறைகூடக் கைதாகவில்லை. இது அடிதடியெல்லாம் சேர்ந்த கணக்கு. தொடர்கொலை என்பது இந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாத அளவு அரிது. இவ்வளவு மெல்லிய நூலில் இவ்வளவு கனமான தீர்ப்பைத் தொங்கவிடுகிறோம்.

கஷ்டப்பட்ட பால்யம் கிடைக்காவிட்டாலும் தேடுகிறவர்கள் விடுவதில்லை. இங்கிலாந்தில் ஹெரால்ட் ஷிப்மன் என்ற குடும்ப மருத்துவர், தன்னை நம்பி வந்த வயதானவர்களுக்கு டயமார்ஃபின் ஊசி போட்டுக் கொன்றவர். 2000-இல் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். பிறகு நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் நடந்த விசாரணை, அவர் 215 பேரைக் கொன்றதாக முடிவு செய்தது. அவர் வளர்ந்தது சாதாரண உழைப்பாளர் குடும்பம். அடி உதை, பசி என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்போதும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அவருக்கு 17 வயதில் தாய் புற்றுநோயில் இறந்தார், வலி தாங்க மருத்துவர் வந்து மார்ஃபின் ஊசி போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார், அதுதான் வித்து என்றார்கள். பெற்ற தாய் புற்றுநோயில் துடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எல்லா வாழ்க்கைக்கும் பொருந்துகிற விளக்கம் எந்த வாழ்க்கையையும் விளக்குவதில்லை.

ஷிப்மன் விவகாரத்தில் உருப்படியாக நடந்தது வேறு. அந்த விசாரணைக் குழு ஆறு அறிக்கைகள் தந்தது. இறப்புச் சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், தகனத்துக்கு முன் இன்னொரு மருத்துவர் உடலை உண்மையிலேயே பார்க்கிறாரா, மருந்து இருப்பை யார் சரிபார்க்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் துருவினார்கள். 1976-இலேயே அவர் பெத்திடின் என்ற வலிமருந்துக்காகப் பொய் மருந்துச்சீட்டு எழுதித் தண்டிக்கப்பட்டவர், அப்படியும் மருத்துவராகத் தொடர விடப்பட்டவர் என்பதைப் பேசினார்கள். 1998-இல் சந்தேகம் சொல்லப்பட்டு, போலீசார் அரைகுறையாக விசாரித்துக் கைவிட்ட பிறகு அவர் இன்னும் மூன்று பேரைக் கொன்றார் என்பதையும் எழுதி வைத்தார்கள். அந்த மூன்று பேரின் சாவுக்கு ஷிப்மனின் தாயை எப்படி இழுப்பது?

நம் பக்கம் வருவோம். மும்பையின் ராமன் ராகவை மறந்திருக்க மாட்டீர்கள். தென்னாட்டுக்காரர். அண்ணா, தம்பி, வேலுசாமி என்று பல பெயர்கள் போலீஸ் ஏட்டில் அவருக்கு இருந்தன. 1968 ஆகஸ்டில் பிடிபட்டவர், நாற்பதுக்கும் மேற்பட்ட கொலைகளைச் செய்ததாக வாக்குமூலம் கொடுத்தவர். அவருடைய பால்யம் பற்றி மருத்துவப் பதிவு சொல்வது சுருக்கமானது. குழந்தைப் பருவம், வளர்ப்பு, குடும்பத்தில் மனநோய் உண்டா என்பது பற்றி நம்பத்தகுந்த தகவல் இல்லை. சிறுவயதிலேயே திருடும் பழக்கம் இருந்தது, படிப்பு ஏறக்குறைய இல்லை. அவ்வளவுதான். இந்த வெற்றிடத்தில் எத்தனை கதைகளை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள்!

தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததைப் பேசுவது ஏன்? 1965-66-இல் மும்பையின் கிழக்குப் புறநகரில் ரயில் பாதையை ஒட்டி 19 பேர் தாக்கப்பட்டு 9 பேர் இறந்தார்கள். அப்போதே ராமன் ராகவ் சந்தேகத்தில் பிடிபட்டார். கொள்ளைக்காக ஏற்கெனவே ஐந்து வருஷம் சிறையில் இருந்தவர் என்பதும் ஏட்டில் இருந்தது. ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். 1968-இல் மறுபடியும் கொலைகள் நடந்தன. செத்தவர்கள் நடைபாதையிலும் குடிசையிலும் படுத்துத் தூங்கியவர்கள். பிடிபட்ட பிறகுதான் தெரிகிறது, அவருக்குத் தீவிரமான மனச்சிதைவு நோய். தன்னை ஆணிலிருந்து பெண்ணாக மாற்றச் சதி நடக்கிறது என்று நம்பியவர். 1969-இல் தூக்கு விதிக்கப்பட்டது. மருத்துவக் குழு பரிசோதித்த பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 1995-இல் புனே சாசூன் மருத்துவமனையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மனச்சிதைவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருவருக்கும் தீங்கு செய்யாதவர்கள், உண்மையில் அடி வாங்குகிறவர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிறைக்குள்ளேயே வருஷக்கணக்கில் இருந்த ஒருவரின் நோயை ஒருவரும் கவனிக்கவில்லை, தெருவில் தூங்கியவர்களுக்குக் கதவு இல்லை. இந்த இரண்டுக்கும் அவர் எந்தத் தொட்டிலில் ஆடினார் என்பதற்கும் சம்பந்தமில்லை.

ஆட்டோ சங்கர் கதையில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. வேலூர்ப் பக்கம் காங்கேயநல்லூரில் பிறந்த கௌரி சங்கர், சென்னைக்கு வந்து பெயின்டராகி, ஆட்டோ ஓட்டி, திருவான்மியூர் பெரியார் நகரில் சாராயக் கடத்தலும் விபச்சாரத் தொழிலும் நடத்தியவர். 1987, 88-இல் ஆறு கொலைகள். செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் 1991 மே 31 அன்று தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றமும், 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

சினிமாதான் தன்னைக் கெடுத்தது என்று சங்கர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. இன்றும் அவர் பெயரை எடுத்தால் அதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டெட் பண்டி என்ற தொடர்கொலையாளி 1989 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேறுவதற்கு முந்தின நாள் ஒரு கிறிஸ்தவக் குடும்ப ஆலோசகரைக் கூப்பிட்டு, ஆபாசப் புத்தகங்கள்தான் தன்னை இப்படி ஆக்கின என்று பேட்டி கொடுத்தார். அங்கேயே கொலைக் குற்றத்தில் பிடிபட்ட ஹென்றி லீ லூகாஸ் தன் தாயின் கொடுமைகளைச் சொன்ன அதே வாயால் நூற்றுக்கணக்கான கொலைகளையும் ஒப்புக்கொண்டார். அவற்றில் பலவற்றை அவர் செய்திருக்கவே முடியாது என்று டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 1986-இல் காட்டியது. பணத்துக்கும் சுகத்துக்கும் பொய் சொல்லியே வாழ்ந்தவன், தன்னைப் பற்றிச் சொல்லும் கதையில் மட்டும் உண்மை பேசுவான் என்று நாம் எதை வைத்து நம்புகிறோம்?

சங்கரை உருவாக்கிய தாக்கங்கள் எவை என்று கேட்டால், பதில் சொல்லும் ஆவணம் ஒன்று இருக்கிறது. சிறையில் அவர் சுமார் 300 பக்கத்துக்குத் தன் வரலாற்றை எழுதினார். அதை நக்கீரன் வெளியிட முன்வந்தது. சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூன் 15 தேதியிட்ட கடிதத்தில் அது போலி என்றும் வெளியிட்டால் சட்ட நடவடிக்கை என்றும் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள் சிலரோடு சங்கருக்கு நெருக்கம் இருந்தது, சிலர் குற்றங்களில் பங்காளிகள், அவர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு அதிகாரிகள் வந்ததற்கு வீடியோ கேசட்டும் புகைப்படங்களும் சாட்சி என்று பத்திரிகைத் தரப்பு மனுவில் சொன்னது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி அமர்வு தீர்ப்பளித்தது. பொதுப் பதிவுகளில் உள்ளவரை அந்த வரலாற்றை வெளியிடப் பத்திரிகைக்கு உரிமை உண்டு, அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. இந்திய நாட்டில் அந்தரங்க உரிமை பற்றிப் பேசும் எவரும் இன்றும் இந்தத் தீர்ப்பைத் தொடாமல் போவதில்லை.

சட்டம் படித்தவர்கள் தீர்ப்பை நினைவில் வைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் சினிமாதான் கெடுத்தது என்பதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் புதுமனைப் புகுவிழாவை நினைவில் வைத்திருப்பவர் யார்? முப்பது வயதைத் தாண்டிய ஒருவனைக் கொலைவரை கொண்டுபோனது எது என்று கேட்கும்போது, அந்த வயதில் அவன் வீட்டு விருந்துக்கு வந்தவர்களைப் பற்றிக் கேட்பதா, ஐந்து வயதில் அவன் வீட்டில் நடந்ததைக் கேட்பதா? 1990-இல் அவர் சென்னை மத்தியச் சிறையிலிருந்தே தப்பி ஒடிசா வரை போனார். சிறைக் கதவு தானாகத் திறக்காது. திறந்துவிட்ட கைகளும் வளர்ந்த ஆட்களின் கைகள்தான்.

நம் சினிமா இதைத் திரும்பத் திரும்ப வேறு மாதிரிதான் காட்டியிருக்கிறது. 1978-இல் வந்த சிகப்பு ரோஜாக்கள் முதல் 2018-இல் வந்த ராட்சசன் வரை இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. முதல் படத்தில் ஒரு பெண் சிறுவன் மேல் பொய்ப்பழி போடுகிறாள். இரண்டாவதில் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்பிள்ளை அவனை அவமானப்படுத்துகிறாள். பிறகு அவன் பெண்களையும் பெண்பிள்ளைகளையும் கொல்கிறான். கொல்லப்படுகிறவர்கள் பெண்கள், அதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறவர்களும் பெண்கள். படம் எடுத்தவர்களின் நோக்கம் இதுவாக இல்லாமல் இருக்கலாம். கொட்டகையிலிருந்து வெளியே வருகிற பையன் மனதில் தங்குவது இதுதான். டீக்கடையில் "அவம் அம்மைய சொல்லணும்வே" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த ஃப்ளாஷ்பேக் ஊர்ப்பேச்சாகிவிட்டது. அப்பன் கேரளாவில் இருந்தாலும் குற்றாலத்தில் குடித்துக் கிடந்தாலும் வளர்ப்புப் பழி அம்மாவுக்குத்தான் என்பது எங்கள் ஊர்களில் எழுதாத சட்டம்.

இந்தக் கதைசொல்லல் ஒரு மனிதனைத் தூக்கு மேடைவரை கொண்டுபோன சம்பவமும் உண்டு. நொய்டாவின் நித்தாரியில் 2006 டிசம்பரில் சாக்கடையிலிருந்து குழந்தைகளின் எலும்புகள் எடுக்கப்பட்டபோது, அந்த வீட்டு வேலைக்காரர் சுரேந்தர் கோலியை நாடே அரக்கன் என்றது. உத்தராகண்டில் ஏழை வீட்டில் பிறந்தவர் என்பதில் தொடங்கி அவர் மனம் எப்படித் திரிந்தது என்று தொலைக்காட்சிகள் விளக்கின. பல வழக்குகளில் தூக்கு விதிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை 12 வழக்குகளில் விடுவித்தது. வாக்குமூலம் பெற்ற விதம், தடயம் எடுத்த விதம் எல்லாவற்றையும் கண்டித்தது. உறுப்புத் திருட்டு என்ற கோணத்தை விசாரிக்காமல், ஓர் ஏழை வேலைக்காரரை அரக்கனாக்கி எளிய வழியைப் போலீசார் எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதியது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடைசி வழக்கிலும் விடுவித்தது. அத்தனை வருஷம் அவர் மனதைத் தோண்டி விளக்கியவர்கள் எதை விளக்கினார்கள்? அந்தக் குழந்தைகளைக் கொன்றது யார் என்பதற்கு இன்றுவரை நீதிமன்றத்தில் நிலைத்த பதில் இல்லை.

பிறப்பையும் வளர்ப்பையும் பார்த்துக் குற்றவாளியை முன்கூட்டியே அடையாளம் காணலாம் என்ற எண்ணத்தை அரசாங்கமே கையில் எடுத்தபோது நடந்ததை, தென் மாவட்டக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1871-இல் வடக்கே தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளரும், மறவர்களில் ஒரு பகுதியினரும், இன்னும் பல சாதியினரும் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று பட்டியலில் ஏறினார்கள். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் செத்தவர்களில் ஒருவர். 1897-இல் வந்த ஒரு திருத்தம் 4 வயது முதல் 18 வயது வரையான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்க அனுமதித்தது. நாலு வயதுப் பிள்ளையிடம் என்ன குற்றத்தைக் கண்டார்கள்? விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம்பியவர்கள் எழுதிய சட்டம் அது. 1947-இல் சென்னை மாகாணத்தில் ரத்தானது. அந்த நம்பிக்கை ரத்தாகவில்லை. எந்தத் திருட்டு நடந்தாலும் முதலில் எந்தத் தெருவில் போய்க் கதவைத் தட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

"அப்படியானால் பிள்ளையை அடித்து வளர்த்தாலும் பரவாயில்லையா, பால்யத்துக்கு ஒரு பங்கும் இல்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடொமின் கணக்கிலேயே ஒரு சிறு வித்தியாசம் இருக்கிறது என்று முன்பே ஒப்புக்கொண்டேன். அடிபட்ட பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க வலி இருக்கும், தூக்கம் கெடும், படிப்பு கெடும், குடிப்பழக்கம் தொற்றலாம். அதனால்தான் அடிக்கக் கூடாது. அடிபட்ட பிள்ளைக்கு வலிக்கிறது என்பதைவிடப் பெரிய காரணம் எதற்கு? அவன் நாளைக்கு நம்மைக் கொன்றுவிடுவான் என்று பயந்து அவனைக் காப்பாற்றப் புறப்பட்டால், அந்தப் பிள்ளையைப் பார்க்கிற பார்வையிலேயே விஷம் ஏறிவிடும். அப்படிப் பார்த்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அப்பா சிறையில் இருக்கிறார் என்பதற்காகக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்பட்ட பையன் ஒருவன் இருந்தான். வகுப்பில் எது காணாமல் போனாலும் முதலில் அவன் பையைத்தான் கொட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் ஜியோமெட்ரி பாக்ஸ் காணவில்லை என்று பையைக் கவிழ்த்தபோது உள்ளே இருந்து விழுந்தது மத்தியானச் சாப்பாட்டில் கொடுத்த முட்டை, தங்கச்சிக்குக் கொண்டுபோவதற்காகக் காகிதத்தில் சுற்றியது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான். அவனை நிறுத்தியது அவனுடைய அப்பா இல்லை.

"அப்புறம் எதைத்தான் பார்க்கச் சொல்கிறீர்கள்?" என்றால், செத்தவர்களைப் பாருங்கள் என்கிறேன். ராமன் ராகவ் கொன்றது தெருவில் தூங்கியவர்களை. ஷிப்மன் கொன்றது பெரும்பாலும் தனியாக இருந்த வயதான பெண்களை. நித்தாரியில் செத்தது கூலிக்காரர்களின் பிள்ளைகள். பல நாள் யாரும் தேடாத ஆட்களும், தேடினாலும் காவல் நிலையத்தில் மதிக்கப்படாத ஆட்களும் இருக்கிற இடத்தில்தான் ஒரே ஆள் அடுத்தடுத்துக் கொல்ல முடிகிறது. முதல் கொலையை எந்த ஊராலும் முழுதாகத் தடுக்க முடியாமல் போகலாம். இரண்டாவதும் ஏழாவதும் நடப்பது, முதலில் செத்தவரை யாரும் கணக்கில் எடுக்காததால்.

குற்றாலத்தில் சீசன் முடிந்து, அருவி மெலிந்து, கடைகள் பாதி சாத்திக் கிடக்கும் மாதங்களில் பூட்டிய கடைத் திண்ணைகளில் படுத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டிலிருந்து வழிதவறி வந்த மனநோயாளிகள், பிள்ளைகள் கூட்டி வந்து விட்டுப்போன கிழவிகள், சாமியார் வேஷத்தில் பசியாறுகிறவர்கள். ஒருநாள் காணவில்லை என்றால் வேறு கோவிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர்களுடைய பெயர் எந்த நோட்டில் இருக்கிறது? அவர்களுக்கு மருந்து கொடுக்கிறவர் யார்? ஒரு கிழவி செத்துக் கிடந்தால் இயற்கைச் சாவு என்று எழுதும் முன் யார் பார்க்கிறார்? நம் ஊரில் தொடர்கொலை பற்றிக் கவலைப்படுகிறவர்கள் துருவ வேண்டியது இதை.

நித்தாரிப் பெற்றோர் வருஷக்கணக்கில் காவல் நிலையத்துக்கு நடந்தார்கள். பிள்ளை ஓடிப்போயிருக்கும், பெண்பிள்ளை யாரோடோ போயிருக்கும் என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே வழக்காகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவு போட்டது. ஆலங்குளத்துப் பீடித் தொழிலாளி ஒருத்தி, பதினாலு வயது மகளை இரண்டு நாளாகக் காணவில்லை என்று அழுதுகொண்டு வந்தால், அன்றைக்கே முதல் தகவல் அறிக்கையின் நகல் அவள் கையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். "எவன் கூடயாவது போயிருப்பா, ரெண்டு நாள் பாருங்கம்மா" என்று சொல்லி அனுப்புகிறார்களா என்று பாருங்கள். தென்காசி தனி மாவட்டமாகி, எஸ்பி அலுவலகமும் கலெக்டர் அலுவலகமும் 2019 முதல் இங்கேயே இருக்கின்றன. டீக்கடையில் ஒரு கொலையாளியின் அம்மாவைப் பேசும் நேரத்தில், தன் தெருவில் ஒரு பிள்ளை காணாமல் போனால் அந்த அலுவலகத்துக்கு அந்தப் பெண்ணோடு துணைக்குப் போகலாம். புகார் பதிவாகும்வரை அங்கிருந்து எழுந்திருக்க மாட்டோம் என்று உட்காரலாம்.